பெரியவரான பிறகு ‘எனக்கும் ஆட்டிசமோ?’ என்று தோன்றினால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மகனின் ஆட்டிச மதிப்பீட்டுக்காகக் கொடுத்த படிவத்தை ஒரு ராத்திரி உட்கார்ந்து நிரப்பினேன். குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொள்வானா? ஆம். சட்டைக் காலரில் இருக்கும் லேபிள் உறுத்துகிறது என்பானா? ஆம். வழக்கம் மாறினால் தடுமாறுவானா? ஆம். பாதிப் படிவம் தாண்டியதும் பேனா நின்றுவிட்டது. அவனைப் பற்றி எழுதுகிறேனா, என்னைப் பற்றி எழுதுகிறேனா என்றே புரியவில்லை. அப்போது எனக்கு வயது 39.

பிள்ளைக்குப் பார்க்கப் போய்த் தங்களை அடையாளம் கண்டுகொண்ட அம்மா, அப்பாக்கள் நிறையப் பேர் உண்டு. மற்றவர்களோடு பழகுவதிலும் சத்தம், தொடுதல் போன்றவற்றை உணர்வதிலும் சிறுவயதிலிருந்தே இருக்கும் வித்தியாசம்தான் ஆட்டிசம்; அதில் மரபணுவின் பங்கு பெரிது. அந்த ராத்திரிக்கு அப்புறம் நான் செய்த தவறுகளையும், அதே வழியில் வந்த மற்றவர்கள் செய்யப் பார்த்தவற்றையும் எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் போய் நிற்பது இணையத்தில் கிடைக்கும் கேள்வித்தாள்களில். அதிகம் புழங்குவது ஏ.க்யூ. கேம்பிரிட்ஜில் சைமன் பேரன்-கோஹனின் குழு 2001-இல் வெளியிட்டது. 50 கேள்விகள், 32-ஐத் தொட்டால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது கணக்கு. ஆர்.ஏ.ஏ.டி.எஸ்.-ஆர் என்று இன்னொன்று: 80 கேள்விகள், எல்லை 65. இரண்டுமே வடிகட்டிப் பார்ப்பதற்கானவை. அந்த மதிப்பெண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதற்றக் கோளாறு இருப்பவருக்கும் அது ஏறும். முப்பது வருடமாக மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துப் பேசப் பழகியவருக்கு இறங்கும். போதாததற்குக் கேள்விகள் பிறந்த ஊர் வேறு. பார்ட்டிக்குப் போவதைவிட நூலகத்துக்குப் போவது பிடிக்குமா என்று ஏ.க்யூ. கேட்கிறது. எங்கள் வீட்டில் பார்ட்டி ஏது? அதைக் கல்யாண மண்டபம் என்று மாற்றிப் படித்தபோதுதான் எனக்குப் பதில் வந்தது. மைக்செட், மேளம், வியர்வையும் மல்லிகையும் கலந்த வாசனை, ‘என்னை யாருன்னு தெரியுதா?’ என்று கையைப் பிடித்துக்கொள்ளும் சொந்தங்கள், மறுநாள் முழுக்க ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துக் கிடந்தது. இப்படி ஒவ்வொரு கேள்வியையும் உங்கள் வாழ்க்கைக்கு மாற்றி, பதிலைச் சம்பவமாக எழுதி வையுங்கள். மருத்துவருக்கு 34 என்கிற எண்ணைவிட அந்தத் தாள் உதவும்.

‘எனக்கெல்லாம் இருக்காது’ என்று ஒரேயடியாக ஒதுக்கிவிடுவதும் தவறு. வேலை பார்க்கிறேன், கல்யாணம் ஆகிவிட்டது, கண்ணைப் பார்த்துப் பேசுகிறேன், அப்புறம் எப்படி என்று தோன்றும். தமிழில் புழங்கும் பெயர்களும் சேர்ந்து குழப்புகின்றன. ‘மதி இறுக்கம்’, ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்றெல்லாம் படித்தால் யாருக்குத் தன் முகம் தெரியும்? புற உலகம் அளவுக்கு மீறி உள்ளே வருவதுதானே என் சிக்கல்! 1943-இல் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் ஆட்டிசம் என்று விவரித்த 11 குழந்தைகளில் முதலாமவர் டொனால்ட் டிரிப்லெட். அவர் பின்னாளில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு சிற்றூரில் வங்கி வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், 2023-இல் 89 வயதில் இறந்தார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேடு, அறிகுறிகள் சிறுவயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்கிறது. ஆனால் சூழலின் எதிர்பார்ப்பு நம் சக்தியைத் தாண்டும்வரை அவை முழுதாக வெளித்தெரியாமல் இருக்கலாம், கற்றுக்கொண்ட உத்திகளால் மறைந்தும் போகலாம் என்றும் சேர்த்தே சொல்கிறது. கல்லூரிவரை சமாளித்த பெண் கூட்டுக் குடும்பத்துக்குள் போனதும், கைக்குழந்தை வந்ததும் உடைவது இதனால்தான். கண்ணைப் பார்த்துப் பேச முடிகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளாதீர்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போது எதிரில் இருப்பவர் சொன்னது காதில் ஏறியதா என்றும் கேளுங்கள்.

சிறுவயதுத் தகவல் இல்லாமல் மதிப்பீட்டுக்குப் போவதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய தவறாக நினைக்கிறேன். நான் அப்படித்தான் போனேன். அந்தக் காலத்து நடத்தை தெரியாவிட்டால் உறுதியாகச் சொல்வது கடினம். அதைச் சொல்லக்கூடியவர்களுக்கோ வயதாகிக்கொண்டே போகிறது. முதல் தடவை அம்மாவிடம் ‘நான் சின்ன வயசுல எப்படிம்மா இருந்தேன்?’ என்று பொதுவாகக் கேட்டேன். ‘உன்ன மாதிரிப் பிள்ளைய வளக்கக் குடுத்து வச்சிருக்கணும். ஒரு இடத்துல உக்கார வச்சா அசைய மாட்ட’ என்றார். தமிழ்க் குடும்பத்தில் பெண் குழந்தையின் ஆட்டிசம் பாராட்டாகத்தான் நினைவில் இருக்கும். இல்லையென்றால் ‘கூச்ச சுபாவம்’, ‘அழுத்தக்காரி’, ‘பிடிவாதம்’ என்ற மூன்று சொற்களுக்குள் இருக்கும்.

இரண்டாவது தடவை பொருளைப் பிடித்துக் கேட்டேன். தீபாவளிக்கு எடுத்த பட்டுப்பாவாடை என்ன ஆச்சு? அம்மா உடனே சொல்ல ஆரம்பித்துவிட்டார். சரிகை குத்துகிறது என்று நான் அழுத அழுகையில், அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து உள்ளே வைத்துத் தைத்தாராம். அங்கிருந்து ஒவ்வொன்றாக வந்தது. இரண்டு வருடம் ஒரே தட்டில் தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டது, பல்லாங்குழிக்கு வைத்திருந்த புளியங்கொட்டையை ஆடவிடாமல் அளவு பார்த்து வரிசையாக அடுக்கியது, ஒண்ணாம் வகுப்பு முழுக்க டீச்சரிடம் வாயே திறக்காதது. சாப்பாடு, துணி, சத்தம், விளையாட்டு, பள்ளிக்கூடம், பயணம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். அம்மா இல்லாதவர்களுக்கு அக்கா, சித்தி, பழைய பக்கத்து வீட்டுக்காரர், ரேங்க் கார்டில் ஆசிரியர் எழுதிய ஒற்றை வரி. கேட்கும்போது ‘ஆட்டிசம்’ என்ற சொல்லை முதலில் எடுக்காமல் இருப்பது நல்லது. தன் வளர்ப்பைக் குறை சொல்கிறாள் என்று தோன்றிவிட்டால் நினைவுகள் மூடிக்கொள்ளும்.

இன்னொன்று, எல்லாவற்றையும் ஆட்டிசத்தின் கணக்கில் எழுதுவது. கவனக்குறைவு, அதீதத் துடிப்பு என்று சொல்லப்படும் ஏ.டி.எச்.டி., சமூகப் பதற்றம், ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து படுத்தும் ஓ.சி.டி., பழைய அதிர்ச்சிகளின் தழும்பு, தூக்கமின்மை, தைராய்டு என்று இதைப் போலவே தோற்றம் காட்டுபவை பல. இதோடு சேர்ந்தே இருப்பவையும் உண்டு. 2013-க்கு முந்தைய கையேட்டின்படி ஆட்டிசத்தையும் ஏ.டி.எச்.டி.யையும் ஒருவருக்கே எழுத முடியாது; இப்போது எழுதலாம். ஆகவே ‘ஆட்டிசமா இல்லையா சொல்லுங்கள்’ என்று கேட்பதைவிட ‘எனக்கு என்ன நடக்கிறது?’ என்று கேட்டுப் போவதே சரி. மனச்சோர்வு இருந்தால் அதற்கான சிகிச்சையை இந்தப் பதிலுக்காகத் தள்ளிப்போட வேண்டாம். தாங்க முடியாத நிலை என்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

யாரிடம் போவது? பெரும்பாலான மையங்கள் குழந்தைகளுக்கானவை. நேரில் போய் ஏமாறுவதற்கு முன் ‘பெரியவர்களுக்கு மதிப்பீடு செய்வீர்களா, எத்தனை அமர்வு?’ என்று போனில் கேட்டுவிடுங்கள். நான் முதலில் போன இடத்தில் பத்து நிமிடத்தில் ‘நல்லாப் பேசுறீங்களே, உங்களுக்கு ஒண்ணும் இல்ல’ என்று அனுப்பிவிட்டார்கள். பத்து நிமிடத்தில் ‘இருக்கிறது’ என்று சொல்லியிருந்தாலும் அது அதே அளவு தவறுதான். மனநல மருத்துவர், அல்லது இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளர் என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ‘குணப்படுத்துகிறோம்’ என்பவர்களிடம் போகவே வேண்டாம். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2022-இலேயே சொல்லிவிட்டது.

மருத்துவர் உறுதி செய்வதும் அரசுச் சான்றிதழும் ஒன்றென்று நினைத்துக் குழம்புகிறவர்கள் உண்டு. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழுக்கு இசா என்ற 40 கேள்விக் கருவியில் 70 மதிப்பெண் வர வேண்டும். சரளமாகப் பேசி, வேலைக்கும் போய்வரும் பெரியவர் அதில் குறைவாக எடுக்க வாய்ப்பு அதிகம். அது வராததால் உங்கள் வாழ்க்கை பொய்யாகிவிடாது.

விஷயம் தெளிவானதும் எல்லோரிடமும் சொல்லத் துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. பிள்ளையின் கல்யாணப் பேச்சுவரை அது போகும். அலுவலகத்தில் பெயரைச் சொல்லாமலே தேவையைக் கேட்கலாம்: ‘சார், மீட்டிங்ல முடிவானத ரெண்டு வரி மெயில்ல போட்டுட்டா எனக்கு வேலை சுலபமா இருக்கும்.’ எனக்கு இது ஒன்றே பாதிக் களைப்பைக் குறைத்தது. அதேபோல, இனி நடிக்க மாட்டேன் என்று ஒரே வாரத்தில் வேலையை விடுவதும், உறவை முறிப்பதும் வேண்டாம். இத்தனை வருடம் போட்டுக்கொண்ட வேஷத்தில் எது உங்களைக் காப்பாற்றுகிறது, எது உறிஞ்சுகிறது என்று பிரித்தறியவே மாதங்கள் ஆகும். காதடைப்பான், டியூப்லைட்டுக்குப் பதில் மஞ்சள் விளக்கு, விசேஷத்துக்கு மறுநாள் விடுப்பு, இவற்றிலிருந்து தொடங்கலாம்.

கடைசியாக, பெற்றவர்கள் மேல் வரும் கோபம். வரும், எனக்கும் வந்தது. ‘ஏம்மா யாருமே கவனிக்கல?’ என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். பேச்சில் தாமதம் இல்லாத ஆட்டிசத்துக்கு வழங்கிய ஆஸ்பெர்ஜர் என்ற பெயரையே, லோர்னா விங் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1981-இல் எழுதிய பிறகுதான் ஆங்கில உலகம் பரவலாக அறிந்தது. அமெரிக்கக் கையேட்டில் அது ஏறியது 1994-இல். எண்பதுகளில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் யாருக்குத் தெரிந்திருக்கும்? அதற்கும் முந்தைய தலைமுறையில், பாசமில்லாத அம்மாக்களால்தான் ஆட்டிசம் வருகிறது என்றே மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். 1964-இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் அதை மறுத்து எழுத வேண்டியிருந்தது. வேட்டியைக் கிழித்துத் தைத்தவரிடம் நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது.

கோபம் தணிந்ததும் குடும்பத்தில் ஒவ்வொருவராகப் பெயர் சூட்டத் தோன்றும். அப்பா எந்தக் கல்யாணத்திலும் மண்டபத்துக்கு வெளியே, செருப்புகள் கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவரிடம் நான் இதுவரை எதுவும் சொல்லவில்லை. போன மாதம் ஒரு முகூர்த்தத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ‘உள்ள ஒரே சத்தம்’ என்றார். ‘ஆமாப்பா’ என்றேன். பந்திக்குக் கூப்பிடும்வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம்.