கவிதையைச் சுருக்கும் முறை

முதல் வரைவை எழுதியவுடன் திருத்தத் தொடங்காமல், சில நாள்கள் கண்ணில் படாமல் வைத்திருந்து, பிறகு வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்திலும், மனம் அடுத்த வரிக்குத் தாவும் இடத்திலும் கோடிடுங்கள்.

முதலில் நீக்க வேண்டியவை உணர்ச்சிகளின் பெயர்கள். ‘அம்மா இல்லாத வீட்டில் சோகமான மௌனத்தோடு அவளுடைய பழைய புடவை கொடியில் மெல்ல ஆடிக்கொண்டிருக்கிறது’ என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். சோகத்தைப் புடவையே சொல்லிவிடுவதால் ‘சோகமான மௌனத்தோடு’ தேவையில்லை. ‘மெல்ல’ என்பதும் அப்படியே. ‘அம்மா’ முன்னரே வந்துவிட்டதால் ‘அவளுடைய’ மிகை. வினைமுற்று இல்லாமலும் தமிழ்த் தொடர் நிற்கும் என்பதால் ‘ஆடிக்கொண்டிருக்கிறது’ என்பதையும் விட்டுவிடலாம். ‘பழைய’ என்பது எந்தப் புடவைக்கும் பொருந்தும் சொல். அதற்கு ஈடாகக் கண்ணுக்குத் தெரியும் ஒன்றை வையுங்கள்:

அம்மா இல்லாத வீடு
கொடியில்
கரை நைந்த புடவை

குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 8 அடிகளுக்குள் முடிந்துவிடுகின்றன. நிலமும் பொழுதும் பறவையும் மரமும் உணர்வைச் சுமப்பதால்தான், தலைவியின் நெடுங்காலத் துயருக்கும் அந்தச் சிற்றளவு போதுமானதாகிறது.

உவமைகள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் வலுவானதை மட்டும் வையுங்கள். கடைசி வரியைக் கையால் மறைத்துப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது விளக்கவுரையாகத்தான் இருக்கும். ஆனால், பேசுபவர் யார் என்பதே தெரியாத அளவுக்கு வெட்டிவிட்டால் அது சுருக்கமன்று, புதிர். அப்போது நீக்கியதை மீட்டெடுக்க உதவும் என்பதால் பழைய வரைவுகளைக் கிழித்துப் போடாதீர்கள்.