கச்சானும் வாடையும்: திருகோணமலைக்குக் குடிவருபவர்களுக்கு

திருகோணமலையில் வாடகை வீடு பார்க்க நல்ல மாதம் நவம்பர். ஜூனிலோ ஜூலையிலோ வந்து இறங்குபவர்கள் அதுவரை காத்திருக்க முடியாது, தெரியும். ஆனாலும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாட்டுத் திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி ஒருவர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஒரு ஜூலையில் எங்கள் ஒழுங்கைக்குக் குடிவந்தார். காய்ந்து வெடித்த வளவு, வாசலில் வேப்பமர நிழல், வாடகையும் குறைவு. நவம்பரில் ஒரு நடுச்சாமம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் கதவைத் தட்டினார். வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அந்த வளவு மாரியில் குளமாகும் என்பது ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும். அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த மனக்குறைதான் இதை எழுத வைக்கிறது.

ஆகவே, முன்பணம் கொடுக்கும் முன் அயல் வீட்டில் ஒரு அக்காவைப் பிடித்து, "மாரியில தண்ணி எது வரைக்கும் வரும்?" என்று கேளுங்கள். வீட்டுக்காரரைவிட அவர் உண்மையைச் சொல்வார். சுவரின் அடியில் மண்ணிறக் கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள்.

இலங்கையின் மழைக்காலம் எது என்று தேடினால் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை என்றுதான் வரும். அது கொழும்புக்கும் காலிக்கும் சரி. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் முட்டி மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றி, இறங்க இறங்கச் சூடேறிக் கிழக்குக் கரையில் இருக்கும் எங்களிடம் வருகிறது. இதைத்தான் கச்சான் காற்று என்கிறோம். (கடையில் கச்சான் என்று கேட்டால் வேர்க்கடலை தருவார்கள், குழம்ப வேண்டாம்.) கொழும்பில் குடையோடு பஸ் ஏறுபவர் இங்கே புழுதியில் இறங்குவார்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தக் கச்சான்தான் புதிது. அக்னி நட்சத்திரம் முடிந்தால் வெக்கை தணியும் என்ற கணக்கு இங்கே பலிக்காது. மே முதல் ஓகஸ்ட் வரை பகலில் 34, 35 பாகை செல்சியஸ் சாதாரணம். ஏப்ரல் நடுவில் உச்சிக்கு நேரே வந்துபோன சூரியன் ஓகஸ்ட் கடைசியில் திரும்பவும் நேரே வந்து நிற்கும். வெளிவேலைகளைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். கிணறு வற்றும், கடற்கரையை அண்டிய இடங்களில் தண்ணீர் உவர்க்கும், அதனால் தண்ணீர்த் தாங்கியை நிரப்பியே வைத்திருங்கள். செவ்விளநீரும் சட்டித் தயிரும் இந்த மாதங்களில் நல்ல துணை.

கச்சான் காலத்தில் நிலாவெளிக் கடலும் உப்புவெளிக் கடலும் கண்ணாடி போல் கிடக்கும். காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையோரம் அலை எழாது. புறாமலைத் தீவுக்குப் படகு போவதும், திமிங்கிலம் பார்க்கப் போவதும் இப்போதுதான். ஆனால் அதே காற்று, பிள்ளைகள் ஏறி மிதக்கும் ரப்பர் வளையத்தை நீங்கள் கவனிக்கும் முன்பே ஆழத்துக்குத் தள்ளிவிடும். கடல் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் அந்த வளையத்தைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

செப்டம்பர் கடைசியில் காற்று மாறத் தொடங்கும். பின்னேரங்களில் இடி மின்னலோடு மழை வரும். அப்புறம் வடகிழக்கிலிருந்து வீசும் வாடை. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பது இங்கேயும் பொருந்தும். ஆண்டுக்குக் கிடைக்கும் ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான் விழுகிறது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் வளர்ந்தவர்களுக்கு இந்த மழை பழகியதுதான்.

பழகாதது மகாவலி. மலைநாட்டில் பிறக்கும் அந்த ஆறு மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிறது. கண்டியிலும் நுவரெலியாவிலும் பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் வெயில் எறிக்கும்போதுகூட வெள்ளமாக வந்து நிற்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மகாவலிக் கரை ஊர்கள் பட்ட பாடு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கம் குடியிருப்பவர்கள் உள்ளூர் வானத்தை மட்டும் பார்க்காமல் மலைநாட்டுச் செய்தியையும் கேளுங்கள்.

புயலுக்கும் இதுவே காலம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் அதற்கு முன் இலங்கையின் வடக்கைக் கடந்துதான் போனது. 2000 டிசம்பர் 26 அன்று ஒரு புயல் திருகோணமலையில் கரையேறியது. 2020 டிசம்பர் 2 அன்று புரெவி குச்சவெளி, திரியாய் பக்கமாக நுழைந்தது. ஒக்டோபருக்குள் மழைத்தண்ணீர் வழிந்தோடும் கூரைப் பீலியைத் துப்புரவாக்கி, கூரைமேல் சாயும் கிளைகளை வெட்டிவிடுங்கள். கறண்ட் ஒரு நாளுக்கு மேலும் போகலாம், மெழுகுதிரியும் குடிதண்ணீரும் கையில் இருக்கட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்சுக்கு 1990, இரண்டு எண்களையும் இன்றைக்கே தொலைபேசியில் சேமித்துவிடுங்கள்.

வாடைக் கடலைப் பார்க்கக் கோணேசர் கோயில் மலைக்கு ஒருமுறை போய் வாருங்கள். ஒரு பக்கம் திறந்த கடல் பாறையில் மோதி நுரைத்தெறியும். ஊருக்குள் திரும்பி உட்துறைமுகத்தைப் பார்த்தால் தண்ணீர் அசையாமல் கிடக்கும். பாய்க்கப்பல் காலத்தில் வாடைக்கு ஒதுங்கச் சோழமண்டலக் கரையில் இப்படியொரு துறை கிடையாது. ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இந்த ஊருக்காக அடித்துக்கொண்டதில் இந்த அமைதிக்குப் பெரும் பங்கு உண்டு. ஆங்கிலேயர் கையில் அது 1795இல் நிலைத்தது.

உறவினர்கள் எப்போது வரலாம் என்று கேட்பார்கள். கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்களை ஜூலை, ஓகஸ்டில் வரச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறைக்கு வருபவர்களுக்கு வெயில் சுடும், ஆனால் கடல் நல்ல கடல். நத்தார் (கிறிஸ்துமஸ்) விடுமுறைக்குக் கடலில் குளிக்கலாம் என்று எண்ணி வருபவர்களிடம் முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிடுங்கள். அந்த நாட்களில் கன்னியா வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப் போகலாம்.

மழையோடு நுளம்பும் (கொசு) வரும். 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது பள்ளிக்கூடங்களையே மூட வேண்டி வந்தது. தேங்காய்ச் சிரட்டை, பூச்சாடித் தட்டு, பழைய டயர், எதிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். மாரியில் காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும் கொடுத்து, விரைவாக இரத்தம் சோதிக்கப் போங்கள். அஸ்பிரினும் இபுபுரோபனும் வேண்டவே வேண்டாம். டெங்குவாக இருந்தால் அவை இரத்தக்கசிவைக் கூட்டும்.

அலுமாரியில் உடுப்பு பூஞ்சணம் பிடிக்கும், வெயில் எறிக்கும் நாளில் எடுத்து உலர்த்தினால் போதும்.

பொங்கல் கழிந்தால் மழை மெல்லக் குறையும். பெப்ரவரியில் பகல் இதமாக இருக்கும், கத்தரி, வெண்டி நட நல்ல நேரம். ஆனாலும் கடலை உடனே நம்பாதீர்கள். மார்ச் அளவில் மேற்குக் கரையிலிருந்து மீனவர்கள் வந்து கரையில் வாடி (தங்கும் குடிசை) போடத் தொடங்குவார்கள். அவர்களில் ஒருவரிடம் கடல் எப்படி என்று கேளுங்கள். அவர் தலையாட்டினால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்குங்கள்.