இரும்பில் இறுகிப்போன பித்தளை நிப்பிளைக் கழற்றும் முறை

துத்தநாகம் பூசிய இரும்பு சாக்கெட்டும் (உட்புறம் மரையுள்ள குழாய் இணைப்பு) அதற்குள் முடுக்கிய பித்தளை நிப்பிளும் (வெளிப்புறம் மரையுள்ள குட்டைக் குழாய்) ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இணைப்பு ஒரு சிறு மின்கலமாகிவிடும். அதில் முதலில் துத்தநாகமும் பிறகு இரும்பும் அரிபட, பித்தளை தப்பித்துக்கொள்ளும். அரிப்பில் உண்டாகும் துரு, அழிந்த இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால், மரைகளின் இடுக்கை நிரப்பி இறுக்கிவிடுகிறது. ஆகவே நாம் உடைக்க வேண்டியது இந்தத் துருவைத்தான்.

முதலில் தண்ணீரை அடைத்து, குழாயைத் திறந்து வடியவிடுங்கள். பித்தளையில் செம்பு நிறத் திட்டுகள் தெரிந்தால் அதில் கலந்துள்ள துத்தநாகம் கரைந்து அது நொய்ந்துபோயிருக்கிறது என்று பொருள். அதில் பலம் காட்டக் கூடாது. இணைப்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஊடுருவும் எண்ணெயை விட்டு, சாக்கெட்டைச் சுற்றிச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி, ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் ஒரு ரெஞ்சால் சாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் நிப்பிளை முதலில் இறுக்கும் திசையில் இம்மியளவு அசைத்த பிறகே தளர்த்துங்கள்.

அசையாவிட்டால் வெப்பம்தான் வழி. ஆனால் எதைச் சூடாக்குவது என்பதில் பலரும் தவறுகிறார்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடினால் பித்தளை சுமார் 19 மைக்ரோமீட்டரும் இரும்பு சுமார் 12 மைக்ரோமீட்டரும் நீள்கின்றன. பித்தளை உள்ளே இருக்கையில் இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினால் பிடி இன்னும் இறுகும்; அதனால் பித்தளையின் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, சாக்கெட்டை மட்டும் வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் விரைவாகச் சூடாக்க வேண்டும். பித்தளை வெளியே இருந்தால் அதையே சூடாக்கலாம். எண்ணெயை முன்பே முழுவதும் துடைத்துவிடுங்கள். துத்தநாகப் பூச்சு கடும் சூட்டில் நச்சுப்புகை விடும் என்பதால் தீச்சுடர் வேண்டவே வேண்டாம்.

ஒருமுறை நான் பொறுமையிழந்து ரெஞ்சின் கைப்பிடியில் நீளக் குழாயை மாட்டி இழுத்ததில், நிப்பிள் சாக்கெட்டின் விளிம்பை ஒட்டி முறிந்துவிட்டது. அப்படி நேர்ந்தால், உள்ளே மிச்சமிருக்கும் வளையத்தை ஹாக்ஸா பிளேடால் நீளவாக்கில், விரலகல இடைவெளியில் இரண்டு இடங்களில் அறுங்கள். மஞ்சளாக உதிரும் தூள் சாம்பல் நிறமாக மாறத் தொடங்கும் கணத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அறுத்தால் இரும்பின் மரை கெட்டுவிடும். பிறகு சிறிய உளியால் அந்தத் துண்டை உட்புறமாகத் தட்டினால் அது மடிந்து பெயர்ந்துவிடும்.

மீண்டும் பொருத்தும் பித்தளையை அமோனியா கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள். இறுக்கத்திலிருக்கும் பித்தளையில் அது விரிசல் உண்டாக்கும். டெஃப்லான் டேப் கசிவைத் தடுக்கும், ஆனால் மரையின் முனைகள் அதைக் கிழித்துக்கொண்டு தொட்டுவிடுவதால் உலோகங்களைப் பிரித்துவைக்காது. அதற்கு மின்கடத்தாத வாஷரும் உறையும் உள்ள யூனியனையே (இரு குழாய்களை இணைக்கும், கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு) பொருத்துங்கள்.