ஒரே ஆள், ஒரே அறை: தனிமையைக் குறும்படமாக எடுப்பது எப்படி?

தனியாக மாட்டிக்கொண்டவரின் கதை என்றால் முதல் காட்சியிலேயே நடிகரை அழவைத்துவிடுகிறோம். அழுகை இரண்டாவது ஷாட்டில் பழசாகிவிடும். பழக்கங்கள் குலைவதைக் காட்டுங்கள். ஐந்து நிமிடப் படத்துக்கு ஒரு போன், ஒரு ட்ரைபாட் போதும்.

முதலில், தினசரி வேலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம். 1ஆம் நாள் தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறார். 20ஆம் நாள் நின்றபடி, சட்டியிலிருந்தே. 60ஆம் நாள் இரண்டு தட்டு வைக்கிறார். மூன்றுக்கும் கேமரா ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ட்ரைபாட் கால்கள் நிற்கும் இடத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமன்) லாக் செய்யுங்கள், ஆட்டோவில் விட்டால் ஆள் நகரும்போதெல்லாம் சுவர் நிறம் மாறும். டியூப்லைட் வெளிச்சத்தில் ஷட்டர் வேகம் 1/50 விநாடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/60 வைத்தால் படம் மினுக்கும்.

தாடிக்காகத் தலைகீழாக எடுங்கள்: 60ஆம் நாள் முதலில், மழித்தபின் 1ஆம் நாள். ஆளில்லாத் தீவில் தனியாக மாட்டிக்கொண்டவரின் கதையான ‘காஸ்ட் அவே’ (2000) படத்தில் நாயகன் டாம் ஹாங்ஸ் இளைத்துத் தாடி வளர்க்க ஏறக்குறைய ஒரு வருடம் படப்பிடிப்பையே நிறுத்திவைத்தார்கள். நமக்கு அது கட்டாது.

அடுத்தது பேச்சுத்துணைப் பொருள். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான்: ஒரு பொம்மையை எடுத்து உடனே பேச ஆரம்பித்துவிடுவார் நாயகன். ‘காஸ்ட் அவே’யில் நாயகனுக்குப் பேச்சுத்துணையாகும் வாலிபால் அப்படி வரவில்லை. தீ மூட்டப் போய்க் கையைக் கிழித்துக்கொண்டவர் ஆத்திரத்தில் வீசிய பந்து அது. ரத்தக் கறையில்தான் முகம் பிறக்கிறது. உங்கள் பொருளும் வேறு வேலையாகக் கதைக்குள் வரட்டும். பிறகு அதை மனிதரைப் போலவே எடுங்கள்: அதன் உயரத்தில் கேமரா, நடிகருக்கு வைத்த அதே லென்ஸ், தனி க்ளோஸ்-அப். பொருள் சொல்லும் பதில்களையும் திரைக்கதையில் எழுதி நடிகரிடம் கொடுங்கள். அதை மனதுக்குள் கேட்டு முடித்தபின்பே அவர் பேச வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் மேடைப் பேச்சாகிவிடும்.

ஒலிக்கு, ஃபேனையும் ஃபிரிட்ஜையும் அணைத்துவிட்டு, யாரும் அசையாமல் ஒவ்வோர் இடத்திலும் 60 விநாடி ரூம் டோன் (யாரும் பேசாதபோது அந்த இடத்தில் கேட்கும் மெல்லிய ஒலி) பதியுங்கள். (ஃபிரிட்ஜுக்குள் வண்டிச் சாவியை வைத்தால், கிளம்பும்போது மறக்காமல் மறுபடி போடுவீர்கள்.) எடிட்டிங்கில் மௌனமான இடங்களில் இதைப் பரப்புங்கள். முழு நிசப்தம் விட்டால் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதென்று நினைப்பார்கள்.

பின்னணி இசை? ‘காஸ்ட் அவே’யில் தீவுக்குள் கிடையவே கிடையாது, அவர் தப்பிச்செல்லும் தெப்பம் அலையைத் தாண்டியபின்தான் வருகிறது. உங்கள் படத்திலும் அவர் கதவைத் திறந்து வெளியே வரும்வரை வேண்டாம்.