பதின்ம வயது மாணவரை நெறிப்படுத்துதல்: ஆண்கள் பாடசாலை அதிபர்களுக்கு

ஒழுக்கத்தைப் பற்றிப் பலர் கூடிய இடத்தில் உரையாற்றும் மரபு யாழ்ப்பாணத்தில் மிக வலுவானது. ஆறுமுக நாவலர் 1847ஆம் ஆண்டின் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தமது வெள்ளிக்கிழமைப் பிரசங்கங்களைத் தொடங்கினார். மறு ஆண்டில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிரசங்கமும் பள்ளிக்கூடமும் எம்மிடையே அவ்வாறு இணைந்தே வளர்ந்தமையால், மாணவரிடம் ஏதேனும் தவறு வெளிப்பட்டால் மறுநாள் காலைப் பிரார்த்தனையில் நீண்ட உரை ஆற்றுவதே அதிபரின் கடமை என்று பலர் எண்ணுகின்றனர். பதினான்கு முதல் பதினெட்டு வயது வரையான ஆண் பிள்ளைகளிடம் அந்த உரை சென்று சேர்வதில்லை. எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரையை ஒவ்வொரு மாணவனும் தன் பக்கத்தில் நிற்பவனுக்கு உரியதாகவே கொள்வான். தான் செய்த ஒரு குறித்த செயலுக்குத் தானே பொறுப்புச் சொல்ல வேண்டி வரும்போதுதான், அதுவும் தன்னை நாளைக்கும் அதே மதிப்போடு நடத்தப்போகும் ஒரு பெரியவரின் முன்னிலையில் சொல்ல வேண்டி வரும்போதுதான், அவன் தன்னைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்குகிறான்.

ஆகவே காலை உரையை ஐந்து நிமிடங்களுக்குள் ஒரே விடயத்தோடு முடித்துக்கொண்டு, மிஞ்சும் நேரத்தைத் தனிச் சந்திப்புக்கு ஒதுக்குங்கள். அச்சந்திப்பை இடைவேளைக்குப் பிந்திய அமைதியான நேரத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பெற்றோரும் அலுவலர்களும் வந்துபோகும் காலை வேளையில், அதிபர் அலுவலக வாசலில் மாணவனை நிறுத்தி வைத்தால், உள்ளே வருவதற்கு முன்னரே அவன் அவமானத்தால் இறுகிப்போவான். கதவு திறந்திருக்கட்டும், வேறோர் ஆசிரியர் பார்வைக்கு எட்டும் தூரத்தில், பேச்சுக் கேட்காத இடத்தில் இருக்கட்டும். இது மாணவனுக்கும் உங்களுக்கும் பாதுகாப்பு. அவனை இருக்கச் சொல்லுங்கள். குணத்தைப் பற்றிப் பேசாமல் செயலைப் பற்றிப் பேசுங்கள். "நீ பொய்யன்" என்று தொடங்கினால் அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவே முனைவான். "வெள்ளிக்கிழமை மூன்றாம் பாடவேளையில் பின்மதிலால் ஏறிப் போனாயா?" என்று கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும். அதன்பின் கேட்க வேண்டியவை இரண்டே: இதனால் யாருக்கு என்ன நேர்ந்தது, அதைச் சீராக்க நீ என்ன செய்யப்போகிறாய்? விடை வரும்வரை காத்திருங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நாமே விடையையும் சொல்லிவிடுவதுதான் அதிபர்களிடம் மிகவும் பரவலான குறை.

உயிராபத்து இருந்தால் அன்றி, உடன் இருந்தவர்களின் பெயர்களைக் கேட்க வேண்டாம். நண்பரைக் காட்டிக்கொடுத்துத் தப்பும் பழக்கத்தைப் பாடசாலையே கற்பித்ததாகிவிடும். தகப்பனின் தொழில், ஊர், அண்ணனின் பெறுபேறு ஆகியவற்றை ஒருபோதும் பேச்சில் இழுக்காதீர்கள். பிரம்பைப் பற்றி விவாதமே வேண்டியதில்லை: கல்வி அமைச்சு 2005/17 இலக்கச் சுற்றறிக்கையிலேயே உடல் தண்டனையைத் தடைசெய்துவிட்டது. தடை இல்லாவிட்டாலும், அடி வாங்கிய மாணவன் தன் கணக்குத் தீர்ந்துவிட்டது என்றே கருதுவான். செய்ததைச் சீராக்கும் எண்ணம் அத்தோடு அவனிடமிருந்து நீங்கிவிடும். மேசையை உடைத்தவன் தச்சருடன் இருந்து அதைத் திருத்த வேண்டும். பரீட்சையில் பார்த்து எழுதியவன் வேறொரு வினாத்தாளுக்கு மீண்டும் எழுத வேண்டும். அதற்கு ஒரு நாளைக் குறித்து, அந்த நாளில் நீங்களே சென்று பாருங்கள். அதிபர் மறந்துபோனால் அந்தச் சந்திப்பு நடக்கவே இல்லை என்றுதான் பொருள்.

பாடசாலை பிற்பகல் 1.30க்கு முடிந்த பின்னரே எமது பிள்ளைகளின் இன்றைய ஆபத்துகளில் பெரும்பாலானவை தொடங்குகின்றன: தனியார் கல்வி நிலையத்திற்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட நேரம், சந்தியில் கூடும் குழுக்கள், வெளிநாட்டு உறவினரின் பணத்தில் வாங்கிய மோட்டார் சைக்கிள், புகையிலை கலந்த மாவாப் பாக்கு, அதைவிடக் கொடிய ஐஸ் என்னும் போதைப்பொருள். போதைப்பொருள் பாவித்ததாகத் தெரிய வந்த மாணவனை உடனே விலக்கும் அதிபர், அவனை முழுநாளும் விற்பவனிடமே ஒப்படைக்கிறார். அவன் பாவிப்பவனா, விற்பவனா, விற்பதற்கு மிரட்டப்படுபவனா என்பதை முதலில் பிரித்தறியுங்கள். பாவிப்பவனை ஆலோசனை ஆசிரியருடனும் பெற்றோருடனும் யாழ். போதனா வைத்தியசாலையின் அல்லது தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்புங்கள்; மிரட்டல் இருந்தால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தை நாடத் தயங்க வேண்டாம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலையோ மதுவோ விற்க முடியாது. அயலில் உள்ள கடைக்காரரிடம் இதை நீங்களே நேரில் சென்று சொல்லுங்கள். தம் பிள்ளைகளும் படிக்கும் பாடசாலையின் அதிபர் வந்து கேட்கும்போது அவர்களுள் பலர் மறுக்கமாட்டார்கள்.

ஒரு பெண் பிள்ளையின் படத்தைக் கைபேசியில் பரப்பியவன் விடயத்தில் முதலில் காக்கப்பட வேண்டியவர் அந்தப் பிள்ளையே. மன்னிப்புக் கேட்க வைப்பதாக எண்ணி இருவரையும் நேருக்கு நேர் நிறுத்தாதீர்கள்.

சாதியைச் சொல்லி ஒருவனை இழிவுபடுத்தும் சம்பவம் மட்டும் தனிச் சந்திப்போடு நின்றுவிடக் கூடாது. பாதிக்கப்பட்டவனை அடையாளம் காட்டாமல், அதைக் காலைக் கூட்டத்தில் வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டும். ஏனெனில் அந்தச் சொல்லைச் சொன்னவன் அதைப் பாடசாலையில் கற்றதில்லை, கேட்டுச் சிரித்தவர்களோ பாடசாலையில் பலர். 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சாதிப் பாகுபாட்டை எதிர்த்ததையும், அதன் முன்னோடிகளுள் ஒருவரான ஹன்டி பேரின்பநாயகம் பின்னர் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்ததையும் மாணவர் அறியட்டும். இந்த மண்ணின் ஆசிரியர்களே இந்த மண்ணின் கொடுமையை எதிர்த்தார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை தரும் செய்தி.

குழப்படி செய்பவனுக்கு மாணவ முதல்வர் பதவி கொடுத்தால் திருந்துவான் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. பிறர்மீது அதிகாரம் கொடுக்காமல், நூலகத் திறப்பையோ இல்ல விளையாட்டுப் போட்டியின் பொருட்களையோ அவன் பொறுப்பில் விடுங்கள்.

சந்திப்புகளைச் சுருக்கமாக ஒரு கொப்பியில் குறித்து வைத்து, பூட்டி வையுங்கள். இடமாற்றம் கிடைக்கும்போது, சிகிச்சையோ பாதுகாப்போ தொடர வேண்டிய பிள்ளைகளின் விபரங்களை மட்டும் ஆலோசனை ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு, ஏனைய பக்கங்களை அழித்துவிடுங்கள். பதினைந்து வயதில் மதில் ஏறியவனைப் புதிய அதிபர் முன்கூட்டியே அறிந்திருக்கத் தேவையில்லை.