கயோட்டி வேட்டை: ஜனவரிக்குப் பிறகு வெறுங்கையோடு திரும்ப வைக்கும் தவறுகள்

கயோட்டி என்பது ஓநாயைவிடச் சிறிய, நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த வட அமெரிக்கக் காட்டு விலங்கு. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் கயோட்டி வேட்டை அக்டோபரில் அவ்வளவு கடினமல்ல. ஏப்ரல், மே மாதங்களில் பிறந்த குட்டிகள் அப்போதுதான் பெற்றோரைப் பிரிந்து புது இடம் தேடி அலையும். அடிபட்ட முயலின் அலறலைக் குழலில் ஊதினால் யோசிக்காமல் ஓடிவரும். ஜனவரி பிறந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. விவரம் தெரியாதவற்றில் பல அதற்குள் சுடப்பட்டிருக்கும். மிஞ்சியவை முயல் அலறலையும் மனித வாடையையும் துப்பாக்கி வெடியையும் முடிச்சுப்போடக் கற்றிருக்கும். முயல் குறைந்து குட்டிகளும் குறைவாகப் பிறந்த ஆண்டென்றால் சீசன் இன்னும் மோசம்.

இந்தக் கட்டத்தில் பலர் புதிய ஒலிகளையும் விலையுயர்ந்த ஒலிபெருக்கிகளையும் வாங்குகிறார்கள். காசுதான் வீண். வராத கயோட்டிகளில் பெரும்பாலானவற்றை, முதல் சத்தம் எழும் முன்பே நாம் விரட்டிவிட்டிருப்போம்.

வண்டியிலிருந்தே தவறு தொடங்குகிறது. மேட்டின் மேல் நிறுத்திக் கதவை அறைந்து சாத்தினால், உறைபனிக் காலையில் அந்த ஓசை வெகுதூரம் போகும். பள்ளத்திலோ மேட்டுக்குப் பின்னாலோ நிறுத்துங்கள். கதவை அழுத்தி மெல்லச் சாத்துங்கள். உட்காரும் இடத்துக்கு 300, 400 கஜமாவது நடந்தே போங்கள். குன்றின் உச்சிக்கோட்டில் வானத்துக்கு எதிராக உருவம் தெரிய நடக்கக் கூடாது, சரிவின் பக்கமாகச் சுற்றிப் போக வேண்டும். கயோட்டி எந்தப் பக்கமிருந்து வரும் என்று நினைக்கிறீர்களோ, அந்தப் பக்கத்தை மிதித்துக்கொண்டு போகவே போகாதீர்கள்.

காற்று

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். அனுபவப்பட்ட கயோட்டி சத்தத்தை நோக்கி நேராக வராது. தூரத்திலேயே நின்று பார்த்துவிட்டு, காற்று போகும் பக்கமாகச் சுற்றிவந்து மோப்பம் பிடிக்கும். "காற்று முகத்தில் அடிக்கும்படி உட்கார்" என்ற பழைய பாடத்தை மட்டும் நம்பி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருப்பவரின் முதுகுப்பக்கம் அது வந்து, வாடை பிடித்து, போயும் விடும். அவரோ இந்தப் பக்கம் கயோட்டியே இல்லை என்று முடிவுகட்டி எழுந்து போவார்.

பக்கவாட்டுக் காற்றே நல்லது. காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வடக்கு நோக்கி உட்காருங்கள். மின் ஒலிபெருக்கியை உங்களுக்கு வடக்கே 50 கஜத்தில் வையுங்கள். வடக்கிலிருந்து வரும் விலங்கு ஒலிபெருக்கியின் கிழக்குப் பக்கமாகத்தான் சுற்றும், அதாவது உங்கள் வலது கண்ணோரத்தில். உங்கள் வாடையோ நேர் கிழக்கே, அந்த விலங்குக்குத் தெற்கில் போய்க்கொண்டிருக்கும். வாடை வீசும் அந்தப் பாதையை அது தொடுமுன் உங்களுக்குச் சுட நேரம் கிடைக்கும். ஆனால் கிழக்குப் பக்கம் திறந்த வெளியாக இருந்தால்தான் இது பலிக்கும். அங்கே புதர்க்காடு அடர்ந்திருந்தால் வேறு இடம் பாருங்கள். வாடையை மறைக்கும் தெளிப்பான்களை நம்பி இதில் சமரசம் செய்ய வேண்டாம்.

காற்றின் திசை பார்க்க, டால்கம் பவுடர் நிரப்பிய சிறு குப்பி ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். உட்காரும்போது ஒருமுறை பீச்சிப் பார்த்தால் போதாது. அமைதியான குளிர்காலையில் காற்று சரிவில் கீழ்நோக்கி வழியும், வெயில் ஏறித் தரை சூடானதும் மேல்நோக்கித் திரும்பும். ஏழு மணிக்குச் சரியாக இருந்த இடம் பத்து மணிக்குக் கெட்டுப்போவது இதனால்தான். காற்று பலமாக வீசும் நாளில் அழைப்பொலி தூரம் போகாது. அன்று ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் உள்ள தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சத்தமும் பொறுமையும்

எடுத்த எடுப்பில் முழு ஒலியில் அலறவிடுவது பெரிய தவறு. நூறு கஜத்தில் புதருக்குள் ஒன்று படுத்திருக்கலாம், அது மிரண்டு ஓடிவிடும். முதல் இரண்டு நிமிடம் மெல்லிய ஒலி, பிறகு படிப்படியாக ஏற்றம். பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவதும் அதே அளவு நஷ்டம். மேற்கத்திய வெட்டவெளியில் 20 நிமிடம், கிழக்கு மாநிலக் காடுகளில் 30 நிமிடம் உட்காருங்கள்.

எல்லோரும் ஊதுவது காட்டுமுயல் அலறலைத்தான். சீசனின் பின்பாதியில் மரங்கொத்தி போன்ற பறவையின் கதறல், எலியின் கீச்சொலி என்று மாற்றிப் பாருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை இணைசேரும் காலம். அப்போது தனி ஊளை இரண்டு மூன்று கொடுத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருப்பது நன்றாக வேலை செய்யும். சவால் விடும் ஊளையைத் தொடக்கத்திலேயே போடாதீர்கள். தைரியமில்லாத விலங்கு ஒதுங்கிப் போய்விடும். ஒன்றைச் சுட்டதும் ஓடிப்போய் எடுப்பதும் தவறு. இணை பக்கத்திலேயே இருக்கலாம். குட்டி கதறும் ஒலியை உடனே போட்டுவிட்டு இன்னும் சில நிமிடம் அசையாமல் இருங்கள்.

பலன் தந்த இடத்துக்கு அடுத்த வாரமே திரும்பாதீர்கள், இரண்டு மூன்று வாரமாவது ஓய்வு கொடுங்கள்.

துப்பாக்கி

ஸ்கோப்பை, அதாவது துப்பாக்கியின் குறிபார்க்கும் தொலைநோக்கியை, அதிகபட்ச உருப்பெருக்கத்தில் வைத்துக் காத்திருந்தால், 40 கஜத்தில் வந்து நிற்கும் விலங்கைக் கண்ணாடிக்குள் தேடுவதற்குள் அது போய்விடும். 4 மடங்கில் வையுங்கள், தேவைப்பட்டால் ஏற்றிக்கொள்ளலாம். .223 ரெமிங்டன் தோட்டாவில் 55 கிரெய்ன் எடையுள்ள குண்டுக்கு 200 கஜத்தில் குறி சரிசெய்தால், 100 கஜத்தில் இரண்டு அங்குலத்துக்குள்தான் மேலே படும், 300 கஜத்தில் ஏழெட்டு அங்குலம் தாழும். ஆகவே 200 கஜம் வரை மேலே தூக்கிப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. தூரத்தை அதிகமாக மதிப்பிட்டு முதுகுக்கு மேலே சுட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஓடிவரும் விலங்கை நிற்கவைக்க நீங்கள் வாயால் குரைக்கும்போது துப்பாக்கி ஏற்கெனவே தோளில், குறியில் இருக்க வேண்டும்.

கடுங்குளிரில் கெட்டி எண்ணெய் உறைந்து சுடும் ஊசி மந்தமாகும், தோட்டா வெடிக்காது. பழைய எண்ணெயைத் துடைத்தெடுத்து உலர் மசகு போடுங்கள். துப்பாக்கியைக் கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்தால் கண்ணாடியிலும் உலோகத்திலும் ஈரம் படியும். மறுநாள் குளிரில் அது பனியாகிவிடும். தோட்டாவை எடுத்துவிட்டு, சூடேற்றாத அறையில் பூட்டி வைப்பதே சரி.

எது என்று உறுதியாகத் தெரியாமல் சுடுவதை மன்னிக்கவே முடியாது. கொலராடோவில் 2023 டிசம்பரிலிருந்து சாம்பல் ஓநாய்கள் மீண்டும் விடப்பட்டுள்ளன. வட கரோலினாவின் கிழக்கே ஐந்து மாவட்டங்களில் சிவப்பு ஓநாய்கள் கயோட்டியென்று சுடப்பட்டதால், 2014-இல் நீதிமன்றம் தலையிட்டு அங்கே கயோட்டி வேட்டையையே தடுத்தது, பிறகு இரவு வேட்டைக்கு மட்டும் தடை தொடர்ந்தது. ஓநாய் உயரமானது, முகவாய் அகன்றது, காது குட்டையானது, பாதம் பெரியது. பண்ணை நாய்களும் அழைப்புக்கு வரும். இன்னொரு வேட்டைக்காரரும் உங்கள் முயல் அலறலைக் கேட்டு ஊர்ந்து வரலாம். புதர் அசைவைப் பார்த்து விசையைத் தொடவே கூடாது. மாநிலத்துக்கு மாநிலம் உரிமமும் இரவு விதிகளும் வேறு. நில உரிமையாளரின் அனுமதியையும் முன்பே வாங்கிவிடுங்கள்.

தோலை விற்றுச் செலவை ஈடுகட்டலாம் என்று கணக்குப் போடுபவர்கள் சந்தையைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். கயோட்டி ரோமத்தைக் குளிர்ச்சட்டைத் தொப்பி விளிம்புக்குப் பயன்படுத்திவந்த கனடா கூஸ் நிறுவனம், அதை நிறுத்தப்போவதாக 2021-இல் அறிவித்தது. பிப்ரவரியில் ரோமம் தேய்ந்து தரமும் குறைகிறது. நல்ல தோலாக இருந்தால் உடல் சூடாக இருக்கும்போதே உரியுங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ரோமம் கொட்டித் தோல் தடித்திருந்தால் சொறிப்பூச்சி இருக்கிறது என்று பொருள், அது மனிதரையும் நாயையும் தொற்றும். அத்தகையதை வண்டிக்குள் ஏற்றாமல், மாநில விதி சொல்லும் முறையில் அங்கேயே அப்புறப்படுத்திவிட்டு, கையுறையையும் உடையையும் வீட்டு நாயின் பக்கம் போகுமுன் மாற்றுங்கள்.