பழைய ஜென் காருக்கு பிரேக், டயர், ரிம்: எதை முதலில் மாற்றுவது

கொல்லிமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். எண் பலகை 22 என்று காட்டிய இடத்தில் பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிக் கீழே போனது. பின் சீட்டில் அத்தையும் அவர் பேத்தியும் இருந்தார்கள். இரண்டாவது கியரில் இருந்ததால் வேகம் ஏறவில்லை. ஹேண்ட் பிரேக்கைப் பட்டன் அழுத்திப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பெடல் பழையபடி கெட்டியாகிவிட்டது. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. எதுவும் உடையவில்லை, ஒழுகவில்லை. ஆனாலும் பிரேக் இல்லாமல் போயிருந்தது.

வண்டி, அப்பா 2001இல் வாங்கிய மாருதி ஜென். அவருக்குக் கண் பார்வை குறைந்ததும் என் கைக்கு வந்தது. வந்தவுடன் நான் செய்த முதல் வேலை, 13 அங்குல இரும்பு ரிம்மைக் கழற்றிவிட்டு 14 அங்குல அலாய் (அலுமினியக் கலவை) ரிம் போட்டது. பிரேக் ஆயிலை மாற்றி ஆறு வருடம் ஆகியிருந்தது. அதைப் பற்றிக் கடைக்காரரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள் என்று சொல்வதற்காகத்தான் எழுதுகிறேன். முதலில் பிரேக், அடுத்து டயர், ரிம் கடைசி.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச அதன் கொதிநிலை இறங்கும். டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் தர வகைகள். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அந்தக் குறைந்தபட்ச அளவு 140 டிகிரி. டாட் 4 என்றால் 230, ஈரத்தோடு 155. மலை இறக்கத்தில் விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் காலிப்பருக்குள் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைப் பேட்களால் கவ்விப் பிடிக்கும் பாகம்) இருக்கும் ஆயில் கொதித்து ஆவியாகும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்க முடியும். அதனால்தான் பெடல் பஞ்சானது. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிட்டது.

ஆகவே முதல் செலவு ஆயில். டாட் 3 ஊற்றிய வண்டியில் டாட் 4 தாராளமாக ஊற்றலாம், இரண்டும் ஒரே வகை. டாட் 5 என்று எழுதிய டப்பாவை மட்டும் தொடாதீர்கள். அது சிலிக்கான் ஆயில், பழையதோடு சேராது. மூடி திறந்து மாதக்கணக்கில் கிடந்த டப்பாவிலிருந்தும் ஊற்ற விடாதீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, தெளிவான ஆயிலிலும் ஈரம் இருக்கும்.

பிரேக் குழாயில் உள்ள காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க, இரண்டு பேர் வேண்டும். எனக்கு என் தம்பி. நான் சக்கரத்தடியில், அவன் பெடலில். அவன் நாலைந்து முறை மிதித்து அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு "பிடிச்சிருக்கேன்" என்பான். நான் நிப்பிளை (ஆயில் வெளியேறும் சிறு திருகு) கால் சுற்று திறப்பேன். குழாய் வழியே ஆயில் பாட்டிலில் இறங்கும், பெடல் கீழே போகும். நான் மூடி "விடு" என்று சொன்ன பிறகுதான் அவன் காலை எடுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்தால் காற்று உள்ளே போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பாகம்) தூரமான சக்கரத்தில் ஆரம்பிப்பார்கள், உங்கள் வண்டியின் மேனுவல் வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள். மேலே உள்ள பிரேக் ஆயில் டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள்வது மிக முக்கியம். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், விட்டால் பெயின்ட்டைத் தின்றுவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்காதீர்கள். ஸ்டாண்டு போட்ட பிறகுதான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும்.

ஆயிலோடு சேர்த்து ரப்பர் ஹோஸ்களையும் மாற்றினேன். இருபது வருட ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். உள்ளே ஊதிப்போய் அடைத்துக்கொண்டால் பெடலை விட்ட பிறகும் பிரேக் பிடித்தபடியே நிற்கும். காலிப்பர் வழுக்கி நகர உதவும் இரண்டு ஊசிகளையும் உருவி, துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் கிரீஸ் தடவினோம். என் வண்டியில் இடது முன் காலிப்பரின் ஒரு ஊசி துருப்பிடித்து நகரவே இல்லை. ஒரு பக்க பேட் பாதிகூடத் தேயாமல் இருக்க, மறுபக்க பேட்டில் இரும்பு தெரிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. பிஸ்டன் சீல் கிட் (ஆயில் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர்கள்) நான்கும் புதிது போட்டோம். பின் சக்கர டிரம் பிரேக்கில் வீல் சிலிண்டர் ஒழுகி, டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவெல்லாம் ஆயிலில் நனைந்திருந்தது. நனைந்த ஷூவைப் பெட்ரோலில் கழுவிப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள், வேண்டாம். இரண்டு பக்கமும் புது ஷூ போடுங்கள்.

டிஸ்க்கை லேத்தில் கடைவதற்கு முன் தடிமனை அளந்து பாருங்கள். குறைந்தபட்சத் தடிமன் மேனுவலில் இருக்கும், பல டிஸ்க்கில் ஓரத்திலேயே பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போய்விட்டால் புதிது வாங்குவதுதான் வழி. மெல்லிய டிஸ்க் சூட்டைத் தாங்காது. புது பேட், புது டிஸ்க் போட்ட அன்றே மலை ஏறாதீர்கள். ஆளில்லாத சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை, முழுதாக நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை குறைத்துப் பழக்க வேண்டும். நடுநடுவே ஆற விட வேண்டும்.

பெரிய டிஸ்க் போட வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: முக்கால் டன் எடையுள்ள இந்த வண்டியில், நல்ல நிலையில் இருக்கும் கம்பெனி பிரேக்கே அழுத்தி மிதித்தால் சக்கரத்தை லாக் செய்துவிடும். சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் கிடையாது. லாக் ஆன பிறகு இன்னும் பெரிய பிரேக்கால் என்ன லாபம்? அங்கிருந்து வண்டியை நிறுத்த வேண்டியது டயரின் பிடிப்பு. பெரிய டிஸ்க்கின் உண்மையான பலன் சூட்டைத் தாங்குவதுதான். வாரம் தவறாமல் மலை ஏறுபவருக்கு அது பொருந்தும். வேறு வண்டியின் பெரிய காலிப்பரைப் பொருத்தினால் அதன் பெரிய பிஸ்டனுக்கு அதிக ஆயில் வேண்டும், பழைய மாஸ்டர் சிலிண்டரோடு பெடல் இன்னும் கீழே போகும், முன் பின் பிரேக்கின் சமநிலையும் மாறும். தெரிந்தவர் கணக்குப் போட்டுச் செய்யாத வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இனி டயர். இந்த வண்டிக்கு வந்த அளவு 145/70 ஆர்13. அகலம் 145 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 101.5. மேலும் கீழும் சேர்த்து 203. 13 அங்குல ரிம் 330.2. ஆக மொத்த விட்டம் 533. நான் போட்டிருந்த 165/65 ஆர்14ஐ இதே மாதிரி கூட்டிப் பாருங்கள்: 570 வரும். ஏறக்குறைய 7 சதவீதம் பெரிது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 64இல் போகிறது. 993 சிசி எஞ்சின் மலையில் திணறுகிறது. யாரும் எனக்குச் சொல்லாத விஷயம் இன்னொன்று: சக்கரம் பெரிதானால் அதே பெடல் அழுத்தத்துக்குச் சாலையில் கிடைக்கும் பிரேக் விசை குறையும். ஆறு சதவீதத்துக்கு மேல் பிரேக்கை நானே காசு கொடுத்துக் குறைத்திருக்கிறேன். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியைப் பார்க்கிங்கில் திருப்ப நான் பட்ட பாடு தனி.

அதே கணக்கில் 155/65 ஆர்13 போட்டால் 531.7 மில்லிமீட்டர். வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை, அகலம் 10 மில்லிமீட்டர் கூடும், நாலரை அங்குல ரிம்மில் சரியாக உட்காரும். 2010இல் வந்த ஆல்ட்டோ கே10க்கும் இதே அளவு என்பதால் கிடைப்பதும் சுலபம். நான் இதைத்தான் போட்டேன். 155/70 ஆர்13 வேண்டுமானால் இரண்டரை சதவீதம் கூடும், அதற்கு மேல் போகாதீர்கள்.

வாங்கும்போது பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடிப் படியுங்கள். 3223 என்றால் 2023ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தது. ரொம்ப நாள் கடையில் கிடந்த டயரைத் தள்ளுபடிக்காக வாங்க வேண்டாம். நாங்கள் இருப்பது நாமக்கல், தேய்ந்த லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டி ரீட்ரெட் செய்யும் பட்டறை தெருவுக்குத் தெரு உண்டு. லாரிக்கு அது காலங்காலமாக நடக்கும் நல்ல தொழில். என் காருக்குப் புது டயர்தான் போடுவேன். நான்குக்கும் பணம் இல்லை, இரண்டுதான் என்றால் புதிதைப் பின்னால் போடுங்கள். ஊரில் எல்லோரும் முன்னால் போடச் சொல்வார்கள். முன் டயர் ஈரத்தில் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், காலைத் தளர்த்திச் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், நம்மால் பிடிக்க முடியாது.

டியூப்லெஸ் போடுவதாக இருந்தால் ரிம்மைப் பாருங்கள். டயர் ஓரம் உட்காரும் இடத்துக்கு உள்பக்கமாக வட்டமாக ஒரு மேடு இருக்க வேண்டும். அந்த மேடுதான் காற்று குறையும்போது டயர் உள்ளே நழுவாமல் தடுக்கும். அது இல்லாத ரிம்முக்கு டியூப்தான். ஓரத்தில் துரு இருந்தால் சுரண்டி பெயின்ட் அடிக்காமல் காற்று நிற்காது.

ரிம் மாற்றியே ஆக வேண்டும் என்றால், போல்ட் வட்டம் (துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 4 துளை, 114.3 மில்லிமீட்டர். சான்ட்ரோவுக்கு வரும் 100 மில்லிமீட்டர் ரிம் சேராது, துளையைப் பெரிதாக்கிப் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். ரிம்மின் நடுத்துளை ஹப்பை (ரிம் மாட்டும் நடுப்பகுதி) விடப் பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் வளையம் போட வேண்டும், இல்லாவிட்டால் 80 தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கும். அலாய்க்கு அதற்குரிய நட்டு. இரும்பு ரிம்மின் நட்டு அதன் சரிவில் பொருந்தாமல் தளரலாம். எதிரெதிர் நட்டாக, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில், மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்கி, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பாருங்கள். ரிம் வெளியே தள்ளி நின்றால் வீல் பேரிங்குக்குச் சுமை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. இந்தப் பழைய ஜென் எல்லாமே 15 வருடம் தாண்டியவை, பதிவைப் புதுப்பிக்க ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. முன் போய் நிற்க வேண்டியவை. அதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அலாயையும் பழைய இரும்பு ரிம்மையும் வீட்டு எடை மெஷினில் வைத்துப் பார்த்தேன். இரும்பு ஐந்து கிலோ சொச்சம், அலாய் ஏழரை. "அம்மிணி, லேசா இருக்கும்னுதானே அலாய் போடுறது?" என்று மெக்கானிக் அண்ணன் கேட்டார். அலாயை விற்றுவிட்டேன். மாடியில் கிடந்த அப்பாவின் இரும்பு ரிம்களில் கோணல் இல்லை என்று சுழற்றிப் பார்த்து, லாரி ரிம் சுத்தம் செய்யும் பட்டறையில் மணல் அடித்துத் துரு போக்கி, வெள்ளிப் பெயின்ட் அடித்து, அவற்றையே மாட்டினேன். பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் அதற்குப் பிறகு.

எல்லாம் முடிந்த மறுவாரம் தனியாகக் கொல்லிமலை ஏறி, இரண்டாவது கியரில் இறங்கினேன். பெடல் கடைசி வளைவு வரை கெட்டியாகவே இருந்தது. அடிவாரத்தில் காரவள்ளியில் நிறுத்தி, ஒவ்வொரு ரிம்முக்கும் அருகில் உள்ளங்கையைக் காட்டினேன். தொடக்கூடாது, சுட்டுவிடும், அனல் தெரிந்தால் போதும். முன் இரண்டும் ஒரே அளவு அனல் அடிக்க வேண்டும், ஒன்று மட்டும் அதிகமென்றால் அந்தக் காலிப்பர் விடாமல் பிடிக்கிறது. எனக்கு முன்பக்கம் சரியாக இருந்தது. பின்பக்கம் வலது சூடாகவும் இடது சூடே இல்லாமலும் இருந்தன. மறுநாள் இடது டிரம்மைத் திறந்தால், ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைத் தவறாக மாட்டியிருந்தோம்.